தரையில் இரண்டு பள்ளங்கள்

எங்கள் தெருவுக்குச் சாமி வருஷத்துக்கு ஒருமுறைதான் புறப்பாடு வரும். வங்கியின் மதிப்பீட்டாளர் ஒரே மழைக்காலத்தில் மூன்று முறை வந்தார். இரண்டு பேரில் யாருக்கு அதிக மரியாதை செய்தோம் என்று கேட்டால், சாமி கோபித்துக்கொள்ளாது என்கிற தைரியத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மதிப்பீட்டாளருக்குத்தான்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என் எதிர்வீட்டுக்காரர் கலியாணசுந்தரம். அவர் மனைவிக்கு ஏகாம்பரநாதர் கோயில் அம்மன் பெயரை வைத்தார்கள். ஏலவார்குழலி. முழுசாகக் கூப்பிட யாருக்கும் பொறுமை இல்லாததால் குழலி. எனக்குத் தங்கை முறை. ஆகவே கலியாணசுந்தரம் எனக்கு மாப்பிள்ளை ஆகிறார். வீட்டுக் கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தறி. ஒன்றில் மாப்பிள்ளை நெய்வார், இன்னொன்றில் குழலி நெய்வாள். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை; தறிச் சத்தத்தில் கேட்காது. அதனால்தான் அந்தக் குடும்பம் இத்தனை வருஷம் நிம்மதியாக ஓடியது என்பது என் அபிப்பிராயம்.

மாடி கட்ட அவர்கள் கடன் வாங்கினார்கள். எந்த வங்கி என்று சொல்லமாட்டேன். அங்கே எனக்கும் கணக்கு இருக்கிறது. பழைய வங்கி என்று வைத்துக்கொள்வோம். மிதக்கும் வட்டி என்றார்கள். மிதக்கிற பொருள் மேலேயும் வரும் கீழேயும் போகும் என்று மாப்பிள்ளை நம்பிக் கையெழுத்துப் போட்டார். இந்த வட்டி மேலே மட்டுமே மிதந்தது. தவணை ஏறி ஏறி, கடைசியில் ஒரு தறியை விற்பது என்று வீட்டில் முடிவானது. மாப்பிள்ளையின் தறி கூட்டுறவுச் சங்கத்தில் பதிவானது, அதைத் தொடமுடியாது. குழலியின் தறி அவள் சீட்டுப் போட்டுத் தன் பணத்தில் வாங்கியது. ஆகவே அதைத்தான் தை மாதம் விற்பதாகப் பேச்சு.

குழலி என் மனைவியிடம் வந்து அழுதாள். "அவரு தறிக்கு நான் எடுபிடியா நூல் சுத்திக் குடுத்துக்கினு உக்காரணுமாம் அண்ணி. என் கூலின்னு ஒண்ணு என் கைல வந்துக்கினு இருந்துச்சு. இனிமே ரவிக்கைத் துணிக்கும் அவர கேக்கணும்."

அன்றைக்கே மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் வேறொரு வங்கியில் நிறுத்தினேன். இது புது வங்கி. பழைய கடனை இவர்கள் எடுத்துக்கொண்டு, குறைந்த வட்டியில் புதிதாகத் தருவார்கள். தவணை குறைந்தால் தறி தப்பிக்கும். கணக்கு அவ்வளவுதான்.

மேலாளர் தேவிப்ரியா எங்களை எழுந்து நின்று வரவேற்றார். வங்கியில் ஒருவர் எழுந்து நின்றால் மதிய உணவுக்கு என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

"நீங்க நெசவாளரா சார்? எங்க வங்கி நெசவாளரோட நண்பன். அங்க பாருங்க," என்றார்.

சுவரில் காலண்டர் தொங்கியது. ஒரு பெரியவர் தறியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். கீழே 'நெசவாளர் நம் பெருமை' என்று போட்டிருந்தது. நெய்கிற நேரத்தில் சிரிக்கிற நெசவாளரை மாப்பிள்ளை பார்த்ததில்லை. இருந்தாலும் மரியாதைக்கு அவரும் சிரித்து வைத்தார்.

"வீட்டோட மதிப்பு மட்டும் நாங்க சொல்ற அளவுக்கு இருக்கணும். எங்க மதிப்பீட்டாளர் வந்து பாப்பாரு. சும்மா ஒரு சம்பிரதாயம்," என்றார் தேவிப்ரியா.

சம்பிரதாயம் என்று யாராவது சொன்னால் செலவுக்குத் தயாராகிவிட வேண்டும். கல்யாணத்தில் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்.

மதிப்பீட்டாளர் பெயர் சாமுவேல். ஓய்வு பெற்ற பொறியாளர். சாந்தமான மனிதர். கையில் ஒரு சின்னக் கருவி வைத்திருந்தார், அதை அமுக்கினால் சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்து நீளத்தைச் சொல்லும். மாடியைப் பார்த்தார், திருப்தி. கிணற்றைப் பார்த்தார், திருப்தி. கூடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"தரையில இது என்ன பள்ளம்?"

"தறிக்குழி சார். கால உள்ள விட்டுக்கினுதான் உக்காருவோம். மிதிக்கட்டை கீழ இருக்குது பாருங்க," என்றார் மாப்பிள்ளை.

"எனக்குத் தெரியும்பா. நான் காஞ்சிபுரத்துல பொண்ணு கட்டினவன். மாமனார் வீட்ல நாலு குழி இருந்துச்சு. எனக்குத் தெரியும், என் படிவத்துக்குத் தெரியாது. அதுல சுவர், கூரை, தரை மூணுதான் இருக்குது. தரையில பள்ளம் இருந்தா கழிக்கணும்."

"பள்ளம் இல்லன்னா நெய்ய முடியாதே சார்."

"அது உங்க கவலை. நான் வீட்டப் பாக்க வந்திருக்கேன், உங்களப் பாக்க வரல," என்றார் சாமுவேல், மிகுந்த அன்போடு.

குறை எண் ஒன்று, பள்ளம். குறை எண் இரண்டு, இன்னொரு பள்ளம். இப்படி எழுதிக்கொண்டு, போகிறபோது இன்னொன்றும் சொன்னார். அக்கம்பக்கத்து வீடுகள் எப்படி இருக்கின்றனவோ அதை வைத்துத்தான் இந்த வீட்டின் மதிப்பும் முடிவாகுமாம். எங்கள் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டே வண்டியில் ஏறினார். மதிப்பு குறைவாக வந்தது. வேண்டுமானால் வீட்டைச் சீர்படுத்திவிட்டு மறுமதிப்பீடு கேட்கலாம் என்றார் தேவிப்ரியா.

இங்கேதான் கலைவாணன் வருகிறான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்குள் ஒரு மேஜை போட்டுக் கடன் ஆலோசகர் என்று பலகை வைத்திருப்பவன். காசு செலவாகாமல் வீட்டு மதிப்பை ஏற்றுவது அவனுடைய தனித்திறமை. வீட்டைச் சுற்றிவந்துவிட்டு, டாக்டர் மருந்துச்சீட்டு எழுதுவதுபோல மளமளவென்று சொன்னான்.

"முன்பக்கம் மட்டும் பெயின்ட் அடிங்க. போட்டோ முன்னாடிதான் எடுப்பாங்க. ஒழுகுற குழாய்க்கு வாஷர் போடுங்க. பல்ப எல்லாம் மாத்துங்க, வெளிச்சம் வந்தா ரூம் பெருசா தெரியும். வாசல்ல தொட்டிச் செடி. காலிங் பெல். அவரு வர்ற நேரத்துக்கு அடுப்புல காப்பிக்கொட்டைய வறுங்க. வாசனைக்கு மார்க்கு கிடையாதுதான், ஆனா மனுஷன் மூடு நல்லா இருக்கும். அப்பறம் அந்தக் குழி. மணலக் கொட்டி டைல்ஸ் ஒட்டிடுங்க. லோன் வந்ததும் ஒடச்சிக்கலாம்."

"தறிய காப்பாத்தறதுக்குத் தறிய பிரிக்கணுமா?" என்று கேட்டாள் குழலி.

"டெம்பரரிக்கா."

"நீ கல்யாணம் ஆனவனாப்பா?"

"இல்லக்கா."

"அதான்," என்று உள்ளே போய்விட்டாள்.

ஆனாலும் வேறு வழி தெரியவில்லை. இரண்டு தறியையும் பிரித்தார்கள். பாவு நூலைச் சுற்றி, வேட்டித் துணியில் மூட்டை கட்டி என் வீட்டுப் பரணில் ஏற்றினோம். நல்ல நாள் பார்த்துத் தோண்டிய குழி என்பதால் மூடுவதற்கும் நல்ல நாள் பார்த்தார் மாப்பிள்ளை. கற்பூரம் ஏற்றி, மணலைக் கொட்டி, மேலே பளபளவென்று டைல்ஸ் ஒட்டினார். குழலி அந்தப் பக்கமே வரவில்லை. சமையலறையில் உட்கார்ந்து, நிலைகொள்ளாமல் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

காலிங் பெல்லால் வேறொரு தொல்லை. எங்கள் தெருவில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. பெல் அடிக்க வேண்டுமென்றால் கதவு சாத்தியிருக்க வேண்டும். மதிப்பீட்டாளர் வருவதற்குள் பழகிக்கொள்வதற்காக மாப்பிள்ளை ஒருநாள் கதவைச் சாத்தி வைத்தார். பத்து நிமிஷத்தில் தெருவே வாசலில் கூடிவிட்டது. யாருக்கு என்ன ஆயிற்று, பெரியவர்கள் யாராவது தவறிவிட்டார்களா என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். கூட்டத்தில் ஒருவர் அழவும் ஆரம்பித்துவிட்டார். பெல்லை யாரும் அடிக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் ராமலிங்கம் இருந்தார். தெருவில் சாமி புறப்பாட்டை நடத்துகிறவர், உற்சவ வேலையென்றால் சோறு தண்ணி வேண்டாம். அக்கம்பக்கத்து வீடுகளை வைத்துத்தான் மதிப்பு என்று கேள்விப்பட்டதும் அவருக்கு ரத்தம் சூடாகிவிட்டது.

"அப்படின்னா இது கலியாணசுந்தரம் விஷயம் இல்லப்பா. தெரு விஷயம். இன்னிக்கி அவன், நாளைக்கி நம்ம. நாம செய்யற விதத்துல செய்வோம். வழக்கத்த மாத்தாதீங்க," என்றார்.

வழக்கம் என்றால் மண்டகப்படி. சாமி வீதியில் வரும்போது அங்கங்கே நிறுத்தி, உபசாரம் செய்து, பிரசாதம் கொடுத்து அனுப்பும் இடம். ராமலிங்கத்துக்குத் தெரிந்த வரவேற்பு அது ஒன்றுதான். பெண் பார்க்க வந்தவர்களுக்கும் அவர் அதையேதான் செய்தார்.

சாமுவேல் இரண்டாவது முறை வந்த அன்று தெருமுனையிலிருந்தே கோலம். வாழைமரம் கட்டியிருந்தது. முதல் வீட்டு வாசலில் நிறுத்தி மாலை போட்டார்கள். அடுத்த வீட்டில் கோயில் இட்லி. அதற்கடுத்த வீட்டில் சுண்டல். பரிவட்டம் கட்டிவிடலாமா என்று ராமலிங்கம் என் காதில் கேட்டார். அது மட்டும் வேண்டாம் என்று தடுத்தேன். அதற்குப் பதிலாகப் பொன்னாடை போர்த்தினார். சாமுவேல் எதையும் மறுக்கவில்லை. கையில் தொன்னையோடு, கருவியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டையும் எட்டிப் பார்த்து அளந்தார்.

ஒவ்வொரு வீட்டிலும் சோபா இருந்தது. ஒரே சோபா. என்னுடையது. மருமகன் வந்தால் உட்காருவதற்காக வாங்கியது, அவர் இரண்டு தடவைதான் வந்தார். முன்பக்கம் சாமுவேல் இட்லி சாப்பிட்டு முடிப்பதற்குள் பின்பக்கச் சந்து வழியாக நாலு பேர் அதை அடுத்த வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். சாமி பல்லக்கு தூக்கிய தோள்கள், குலுங்காமல் போயிற்று. கூடவே இரண்டு தொட்டிச் செடியும் ஒரு சுவர்க்கடிகாரமும் ஓடின.

"இந்தத் தெருவுல எல்லாருக்கும் ஒரே ரசனை," என்றார் சாமுவேல். "எல்லா சோபாவுலயும் ஒரே எடத்துல கிழிசல் வேற."

"ஒத்துமை சார்," என்றார் ராமலிங்கம், மூச்சு வாங்கிக்கொண்டே.

'ஒருங்கிணைந்த வளர்ச்சி கண்ட பகுதி' என்று எழுதிக்கொண்டார் சாமுவேல். மாப்பிள்ளை வீட்டில் முதல்முறையாகப் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் காப்பி வாசனை. கூடத்தில் பள்ளம் இல்லை, டைல்ஸில் முகம் தெரிந்தது. சாமுவேல் அதில் பார்த்துப் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார்.

"நல்லா இருக்குது. நெசவுக்காரன் வீடு மாதிரியே இல்ல," என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

மதிப்பு ஏறியது. வங்கி கேட்டதற்கு மேலேயே ஏறியது. மாப்பிள்ளை தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். மறுநாள் நானும் அவரும் கையெழுத்துப் போடப் போனோம். தேவிப்ரியா இம்முறையும் எழுந்து நின்றார், ஆனால் முகம் சரியில்லை.

"சார், ஒரு சின்ன விஷயம். மதிப்பீட்டு அறிக்கைல, கூடம் காலியா விசாலமா இருக்கு, தொழில் எதுவும் நடக்கலன்னு எழுதியிருக்கு. நீங்க நெசவாளர்னு மனு குடுத்திருக்கீங்க. தறியே இல்லாதவர நெசவாளர்னு எப்படி எடுத்துக்கறது? வருமானப் பிரிவு ஒத்துக்கல."

மாப்பிள்ளை நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். "தறிக்குழி இருந்தா மதிப்பு கொறையும்னு நீங்கதானம்மா சொன்னீங்க."

"அது மதிப்பீட்டுப் பிரிவு சொன்னது சார். இது வருமானப் பிரிவு."

"ரெண்டு பேரையும் ஒருவாட்டி ஒண்ணா உக்கார வச்சுப் பேசச் சொன்னா..."

தேவிப்ரியா பதறிவிட்டார். "அது கூடவே கூடாது சார். ரெண்டு பிரிவும் பேசிக்கிட்டா முறைகேடு வந்துடும். இந்தப் பிரிவுக்கு என்ன தெரியும்னு அந்தப் பிரிவுக்குத் தெரியாது. அவங்க ஏன் அப்படி முடிவெடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் முழுசா எதுவும் தெரியாம இருக்கறதுதான் எங்க வங்கியோட பாதுகாப்பு. உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

எங்கள் நன்மையை நினைத்து நாங்கள் வெளியே வந்தோம். படியில் உட்கார்ந்து மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். "மச்சான், குழி இருந்தா வீடு செல்லாது. குழி இல்லன்னா நான் செல்லமாட்டேன். இதுல நான் எந்தப் பக்கம் நிக்கறது?"

டைல்ஸை உடைத்தார்கள். மணலை வாரினார்கள். பரணிலிருந்து மூட்டை இறங்கியது, தறிகள் மறுபடி நின்றன. வருமானப் பிரிவிலிருந்து ஒரு பையன் வந்து, தறி இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனான். அவனுக்குப் பரம திருப்தி. அந்தப் போட்டோவில் பள்ளம் தெரிந்தது. தரை மாறியிருப்பதால் மறுபடியும் மதிப்பிட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

சாமுவேல் மூன்றாவது முறை வந்தார். மாலை இல்லை, இட்லி இல்லை, சோபா என் வீட்டிலேயே இருந்தது. கதவு திறந்து கிடந்தது. ஆனாலும் பழக்கதோஷத்தில் பெல்லை அழுத்தினார். யாரும் எழுந்து வரவில்லை. குழலி குழிக்குள் காலை விட்டு நெய்துகொண்டிருந்தாள்.

"அம்மா, கொஞ்சம் எழுந்துக்கறீங்களா? பள்ளத்த போட்டோ எடுக்கணும்."

"பொடவைக்கு முந்தி போட்டுக்கினு இருக்கேன். பாதியில எழுந்தா கோடு விழும். எடுக்கறதுன்னா இப்படியே எடுத்துக்கோ சார்."

"ஆளோட எடுக்கக்கூடாதும்மா. பள்ளம் மட்டும்தான்."

"ஆளில்லாத குழிய எடுத்துக்கினு போயி யாருக்கு இன்னா ஆவப்போவுது?" குழலி நூல் ஓடும் நாடாவைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். "மூடச் சொன்னீங்க, மூடினோம். தொறக்கச் சொன்னீங்க, தொறந்தோம். இனிமே இதுலேர்ந்து நான் எழுந்துக்கமாட்டேன். கொறையின்னா என்னையும் சேத்தே கொறையின்னு எழுதிக்கோ."

சாமுவேல் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். மாமனார் வீட்டு ஞாபகம் வந்ததோ என்னவோ. புது பல்பின் வெளிச்சம் அவள் மீதும் பட்டின் மீதும் நன்றாக விழுந்திருந்தது. அவளோடு சேர்த்தே போட்டோ எடுத்தார். அதன் கீழே குறை எண் இரண்டு என்று எழுதினார். எழுதாமல் இருக்க அவர் படிவத்தில் இடமில்லை. மனு திரும்பி வந்தது.

தை பிறக்கப் போகிற சமயம். தறி விற்கிற தரகரிடம் மாப்பிள்ளை சொல்லிவிட்டார். குழலி முழுசாகப் பேச்சை நிறுத்திவிட்டாள். அந்த வாரம் பழைய வங்கிக்கு நானும் துணைக்குப் போனேன். கடனை மாற்றுவதற்காக அங்கே கொடுத்திருந்த கடிதத்தைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

ஜன்னலில் இருந்தவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "வேற பேங்குக்குப் போறதா இருந்தீங்களா? ஏங்க?"

"வட்டி கட்டி முடியல சார்."

"அட, சொல்ல வேண்டியதுதானே. ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுங்க, புது வட்டிக்கு மாத்திடறேன். உங்க வட்டி ரொம்பப் பழசு. இப்ப யாருக்கும் அவ்ளோ போடறதில்ல."

எழுதிக் கொடுத்தோம். முத்திரை குத்தினார். அவருக்கு வந்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. தவணை குறைந்தது. வீட்டைப் பார்க்க யாரும் வரவில்லை, பள்ளம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

எனக்குத்தான் ஆறவில்லை. "இது இத்தன நாளா உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியுமே."

"பின்ன ஏன் சொல்லல?"

"அவரு கேக்கவே இல்லியே சார்," என்றார், உண்மையான வருத்தத்தோடு.

தரகருக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. குழலி அன்றைக்குச் சாயந்திரமே பேசத் தொடங்கினாள். பேசாமல் இருந்த நாட்களுக்கும் சேர்த்துப் பேசியதாக மாப்பிள்ளை சொன்னார். என் சோபா இன்னும் கொஞ்சம் கிழிந்து வந்திருந்தது, அதைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள் கலைவாணன் ஒரு சுருளோடு வந்தான். புது வங்கியின் புது வருஷக் காலண்டர். ஊரிலுள்ள நெசவாளர் வீடுகளுக்கெல்லாம் இலவசமாம். விரித்தோம்.

குழலி இருந்தாள். தறியில் உட்கார்ந்து, நாடாவைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து, நேராக எங்களை முறைத்தாள். சாமுவேல் எடுத்த அதே போட்டோ. கீழே 'நெசவாளர் நம் பெருமை' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள். குறை எண்ணைப் போடவில்லை. மாப்பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கச் சுத்தியலைத் தேடிப் போனார்.

குழலி மட்டும் கிட்டே வந்து படத்தின் அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்தாள். தரை மட்டத்தோடு படத்தை வெட்டியிருந்தார்கள். குழி இல்லை.

"அண்ணே, இதுல என் காலக் காணமே," என்றாள்.

மாப்பிள்ளை சுத்தியலோடு வந்து நின்றார். நான் காலண்டரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குழலி திரும்பிப் போய்த் தறிப் பலகையில் உட்கார்ந்தாள், இரண்டு காலையும் குழிக்குள் இறக்கினாள், விட்ட இடத்திலிருந்து நெய்ய ஆரம்பித்தாள்.